வார்த்தைப் புறம்போக்கு

நட்சத்திரத்தின் ஒற்றைச் சொல்லுக்கு நீதிமன்றம் வேலி போடுகிறது. துணிக்கடைக்காரரின் முழு வாக்கியமோ ஊரான் வீட்டு நெய்.

மேற்கு தில்லியின் ஃபதே நகர் ஒன்றும் நாகரிகப் பேட்டை அல்ல. சல்வார் துணிகள் விற்கும் கடைகள் நிறைந்த நடுத்தர வர்க்கத்துப் பகுதி. அங்கே ஒரு கடைக்காரப் பெண்மணி மொபைல் போனை எதிரே வைத்துக்கொண்டு, இன்ஸ்டாகிராமில் நேரலையாகத் துணி விற்று வந்தார். ஒவ்வொரு செட்டாக எடுத்து விரிப்பார், நிறத்தைச் சொல்வார், வேலைப்பாட்டைக் காட்டுவார். பிறகு அந்த முத்தாய்ப்பு: "சோ பியூட்டிஃபுல், சோ எலிகன்ட், ஜஸ்ட் லுக்கிங் லைக் எ வாவ்!" ஆங்கில வாத்தியார் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். ஆனால் அந்த இலக்கணப் பிழைதான் அதன் ருசி.

2023 அக்டோபரில் அந்த வாக்கியம் தில்லியை விட்டுக் கிளம்பியது. தீபிகா படுகோன் அதற்கு வாயசைத்து வீடியோ போட்டார். யஷ்ராஜ் முகாதே அதைப் பாட்டாக்கினார். பின்னாலேயே வந்தன கம்பெனிகள். தங்கள் சரக்கின் படத்தைப் போட்டு, மேலே அந்த வாக்கியத்தை எழுதினால் போதும், அன்றைய விளம்பரம் தயார். காப்பிரைட்டர் சம்பளம் மிச்சம், மாடல் சம்பளம் மிச்சம், யோசிக்கும் நேரமும் மிச்சம். வாக்கியத்தை உருவாக்கியவர் ஃபதே நகரில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

இதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, அதே தில்லியில், இந்தியா கேட்டுக்கு அருகே ஷேர் ஷா சாலையில் இருக்கும் உயர் நீதிமன்றத்தில் இன்னொரு சொல்லைப் பற்றிய வழக்கு. சொல்: 'ஜக்காஸ்'. மும்பைத் தெருக்களில் 'பிரமாதம்' என்ற அர்த்தத்தில் புழங்கும் சொல். அதை சினிமாவில் சொல்லிச் சொல்லித் தன் முத்திரையாக்கிக்கொண்டவர் நடிகர் அனில் கபூர். 2023 செப்டம்பர் 20 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். அனில் கபூரின் பெயர், முகம், குரல், இவற்றோடு 'ஜக்காஸ்' என்று அவர் சொல்லும் பாணி, எதையும் அவர் அனுமதியில்லாமல் யாரும் காசாக்கக் கூடாது. விமர்சனம், கேலி, செய்திக்குத் தடையில்லை; வியாபாரத்துக்குத்தான் தடை.

உத்தரவில் தப்பில்லை. நடிகரின் முகத்தை ஒட்டுவேலை செய்து, ஆபாசமாகவும் ஆக்கி, காசு பார்த்தவர்கள் மீதுதான் வழக்கு. உறுத்துவது வேறு. மும்பை மக்கள் பொதுவில் பேசிய ஒரு சொல்லை எடுத்துப் புகழாக்கியவருக்கு வேலி கிடைத்தது. தானே ஒரு வாக்கியத்தை உருவாக்கிப் பொதுவில் வைத்தவருக்கு அடுத்த மாதமே அது புறம்போக்கு.

கிராமத்தில் புறம்போக்கு என்றால் சொந்தக்காரர் இல்லாத நிலம் என்று சிலர் நினைத்துக்கொள்வதுண்டு. மேய்ச்சலுக்கும் வண்டிப்பாதைக்கும் ஊரே பயன்படுத்தும் இடம் அது. முதலில் வந்து முள்வேலி கட்டியவனுக்கு அது பட்டா நிலமாகிவிடாது. சமூக ஊடகத்தில் 'பொது' என்று குறித்துப் போடப்படும் படங்களையும் பேச்சுகளையும் விளம்பர உலகம் அந்த முள்வேலிக்காரன் கண்ணோடுதான் பார்க்கிறது.

இந்தக் கலைக்கு விளம்பரக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'மொமென்ட் மார்க்கெட்டிங்'. அந்தக் கணத்தில் ஊர் எதைப் பேசுகிறதோ அதில் தொற்றிக்கொள்வது. புதிய சரக்கு அல்ல. அமுல் வெண்ணெயின் போல்கா புள்ளிச் சட்டைச் சிறுமி 1966 முதல் இதைத்தான் செய்து வருகிறாள். ஆனால் அவள் கட்டுவது சொந்த சிலேடை, வரைவது சொந்தச் சித்திரம். ஊர் நடப்பைச் சுரண்டி எடுக்காமல், அதைப் பற்றி அவளே ஏதோ சொல்கிறாள். இன்று நடப்பது பெரும்பாலும் வேறு. ஊரார் எடுத்த படம், ஊரார் சொன்ன வசனம், ஓரத்தில் கம்பெனி முத்திரை.

நல்ல கற்பனையும் இல்லாமலில்லை. வாங்கிய சேலையை உடுத்திப் படம் போட்ட வாடிக்கையாளரையே விளம்பரத்தில் காட்டும் துணிக்கடை, மூச்சுவிடாமல் புன்னகைக்கும் மாடலைவிட நம்பத் தகுந்ததாகத் தெரிகிறது. பயணிகள் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் போடும் ஓட்டல், அடுக்களையில் கிளறிய அல்வாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் போட்டி வைக்கும் நெய்க் கம்பெனி என்று வழிகள் பல. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் நம்புவது மனித இயல்பு. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமலே அவர் வாயால் சொல்லவைப்பதில்தான் சிக்கல்.

தில்லியின் இன்னொரு கதை 2020 அக்டோபரில் நடந்தது. கொரோனாவில் வியாபாரம் படுத்து, மாளவியா நகரில் சாலையோரச் சாப்பாட்டுக் கடை நடத்தும் முதியவர் கண்ணீர் விட்ட வீடியோ ஒரே இரவில் நாடு முழுதும் பரவியது. மறுநாள் 'பாபா கா டாபா'வில் வரிசை. கூட்டத்தோடு கம்பெனிகளும் வந்தன. தன் பட்டியலில் கடையைச் சேர்த்துவிட்டதாக ஜொமாட்டோ அறிவித்தது. ஜோடி சேர்க்கும் செயலி ஒன்று, காதலியை அங்கே கூட்டிப் போகச் சொன்னது. கடையின் மீதே விளம்பரப் பதாகைகள் ஏறின. பட்டியலில் சேர்ப்பதாவது வியாபாரத்துக்கு உதவும். பதாகை யாருக்கு உதவியது? அழுத முகத்தின் பின்னணியில் தன் பெயர் தெரியவேண்டும் என்ற ஆசையைக் கருணை என்று சொல்லிக்கொள்வது விளம்பரத் தொழிலின் பழைய பழக்கம். அந்த முதியவர் அதே டிசம்பரில் புதிதாக ஓட்டல் திறந்து, சில மாதங்களில் மூடிவிட்டுப் பழைய கடைக்கே திரும்பினார். அப்போது மாட்டுவதற்குப் பதாகை எடுத்து வந்தவர்கள் பற்றிச் செய்தி இல்லை.

பெயரும் ஆள்பலமும் உள்ளவர்கள் இப்படி விட்டுவிடுவதில்லை. 2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெண்கலம் வென்ற கையோடு வாழ்த்து விளம்பரங்கள் கொட்டின. வங்கி, மருத்துவமனை, பல்லுக்குப் பளபளப்பு தரும் சூயிங்கம், எல்லாருக்கும் திடீரென்று தேசபக்தி. சிந்துவுக்கு ஒரு பைசா தராதவர்கள் இவர்கள். அவருடைய விவகாரங்களைக் கவனிக்கும் பேஸ்லைன் வென்ச்சர்ஸ் சுமார் 20 நிறுவனங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போவதாக அறிவித்தது. தலா 5 கோடி ரூபாய் கேட்பதாகச் செய்தி வந்தது. 2022 பிப்ரவரியில் சென்னைப் பையன் பிரக்ஞானந்தா, ஆன்லைன் ஆட்டத்தில் மாக்னஸ் கார்ல்சனைத் தோற்கடித்தபோதும் இதே கதை, இதே எச்சரிக்கை. அப்போது அவருக்கு வயது 16.

'வாழ்த்துத்தானே சொன்னோம்' என்பது கம்பெனிகளின் வாதம். வாழ்த்து சொல்ல முத்திரை எதற்கு என்பதுதான் எதிர்க்கேள்வி. மும்பையில் இருக்கும் இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் நெறிமுறைகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. ஒருவரைக் குறிப்பிடுவதால் சரக்குக்கு நியாயமற்ற ஆதாயம் கிடைக்குமானால், அவர் அனுமதி வேண்டும். சிந்து விவகாரத்துக்குப் பிறகு கவுன்சில் இதை நினைவூட்டவும் செய்தது. ஆனால் அது விளம்பரத் தொழிலே தனக்குத்தானே வைத்துக்கொண்ட காவல்காரன். கையில் விசில் உண்டு, லத்தி கிடையாது.

சரி, பேஸ்லைன் மாதிரி ஆள் வைத்துக்கொள்ள முடியாத சாதாரண ஆள் என்ன செய்வது? சட்டம் அவரை அப்படியே கைவிட்டதாகச் சொல்ல முடியாது. பழைய சென்னை ஸ்டுடியோக்களின் கண்ணாடி அலமாரி ஞாபகமிருக்கும். லட்சணமான மணப்பெண், கொழுகொழு குழந்தை என்று பெரிதாக்கி மாட்டியிருப்பார்கள். பெண்ணின் அப்பா ஒரு நாள் அந்த வழியாக வர, தெருவே வேடிக்கை பார்க்கும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அந்த அப்பா சொல்வதே நியாயம். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர்.

காசு கொடுக்காமல் யாரோ எடுத்த படமானால் நிலைமை தலைகீழ். உரிமை, கேமராவைப் பிடித்தவருக்கு. படத்தில் இருப்பவருக்கு அல்ல. 2007ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலப் பள்ளி மாணவி ஒருத்தி, தன் முகம் ஆஸ்திரேலியாவில் மொபைல் போன் விளம்பரமாக மாட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். வர்ஜின் மொபைல் கம்பெனியின் ஆஸ்திரேலியக் கிளை செய்த வேலை. பேனா நண்பரை உதறித் தள்ளச் சொல்லும் வாசகம் வேறு. உதறப்படும் ஆள் அவள்தான். அவளைப் படமெடுத்தவர், பெயரைக் குறிப்பிட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற 'கிரியேட்டிவ் காமன்ஸ்' அனுமதியுடன் ஃபிளிக்கரில் போட்டிருந்தார். அவர் அனுமதி கொடுத்தது படத்துக்கு. பெண்ணின் முகத்துக்கு அவர் எப்படி அனுமதி கொடுக்க முடியும்? இந்தக் கேள்விக்கு நீதிமன்றம் பதிலே சொல்லவில்லை. ஆஸ்திரேலியக் கம்பெனி மீது டெக்ஸாஸில் வழக்கு நடத்த முடியாது என்று 2009 ஜனவரியில் கட்டை மூடிவிட்டது.

இந்தியாவில் அந்தக் கேள்விக்கான பதில் அதற்கு வெகுகாலம் முன்பே, வேடிக்கையாக, ஒரு கொலைகாரரின் புண்ணியத்தில் கிடைத்துவிட்டது. ஆட்டோ சங்கர் செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது எழுதிய சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிட முனைந்தது. அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். விவகாரம் தில்லி போய், உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவே எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் தீர்ப்பு அது. ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு வெளிச்சமும் இருக்கிறது. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று நீதிமன்றம் சொன்னது. அங்கே 'பிரபலம்' என்ற நிபந்தனை இல்லை. 'ஒருவர்' என்றால் ஒருவர். நடிகரும் ஒருவர், துணிக்கடைக்காரரும் ஒருவர். 2017ல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வில், அதற்குச் சில மாதங்கள் முன்புவரை சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த சஞ்சய் கிஷன் கவுலும் தன் தனித் தீர்ப்பில் இதே பக்கம் நின்றார்.

பிரபலம் என்ற நிபந்தனையைப் போட்டாலும் ஃபதே நகர் பெண்மணி தேறிவிடுவார். 2012ல் அமிதாப், ஜெயா பச்சன் ஜோடி தோன்றிய தனிஷ்க் விளம்பரத்தை ஒரு நகைக்கடைக்காரர் காப்பியடித்து ஹோர்டிங் வைத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் பிரபலத்துக்கு எளிய இலக்கணம் சொன்னது: பலர் அறிந்த, பலர் பேசுகிற ஆள். 2023 அக்டோபரில் இந்தியாவில் அவரைவிட அதிகம் பேசப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அவரிடம் இல்லாதவை இரண்டு. ஒன்று, வக்கீலுக்குக் கொடுக்கும் பணம். இன்னொன்று, நேரம். நட்சத்திரத்தின் முத்திரைச் சொல் முப்பது வருடம் ஓடும். இணையத்தில் பரவும் வாக்கியத்துக்கு ஆயுள் மூன்று வாரம். வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்குள் கம்பெனிகள் அடுத்த வேடிக்கைக்குப் போயிருக்கும். அந்த வாக்கியத்துக்குப் பதிப்புரிமை கோரவும் வழியில்லை. அவர் எடுத்த வீடியோவுக்கு உரிமை உண்டு, பதிவுகூடச் செய்யவேண்டாம். நாலு வார்த்தைக்குச் சட்டம் அதைத் தருவதில்லை. வீடியோவை வெட்டி ஒட்டிய கம்பெனி மாட்டும். வசனத்தை மட்டும் எழுதிய கம்பெனி தப்பிக்கும்.

இந்த நேரத்தில் பாராளுமன்றம் வேறு தன் பங்குக்கு ஒன்று செய்தது. 2023 ஆகஸ்டில், அதாவது 'ஜக்காஸ்' உத்தரவுக்கு ஒரு மாதம் முன்பு, தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒருவரின் தகவலைக் கையாள அவர் சம்மதம் வேண்டும் என்று பெரிதாக ஆரம்பிக்கும் சட்டம், மூன்றாவது பிரிவிலேயே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தானே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கு இச்சட்டம் பொருந்தாது. கூடவே உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: சமூக ஊடகத்தில் தன் கருத்துகளை எழுதும்போது தன் தகவல்களையும் வெளியிட்ட ஒரு பெண். அவருக்கு இந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. எதற்காக வெளியிட்டார், யார் பார்க்க வெளியிட்டார் என்ற கேள்வியே கிடையாது. 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். கதவு திறந்தது திறந்தபடியே இருக்கிறது.

இந்தக் கதவு வழியாகப் போனாலும் எல்லாவற்றையும் அள்ளிவிட முடியாது என்பது விளம்பரக்காரர்கள் கவனிக்கவேண்டிய விஷயம். தகவல் சட்டம் விலகிக்கொண்டால் பதிப்புரிமைச் சட்டம் விலகிவிடாது. 1994 தீர்ப்பும் செத்துவிடாது. இன்ஸ்டாகிராமின் நிபந்தனைகளில் பயனாளர் தன் படத்தைப் பயன்படுத்த உரிமம் தருவது உண்மைதான். தருவது இன்ஸ்டாகிராமுக்கு. அடுத்த தெரு பிஸ்கட் கம்பெனிக்கு அல்ல. அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு மேடைக்காரரே எல்லை மீறினால்கூடச் சிக்கல் வரும். 'லைக்' போட்டவரின் பெயரையும் முகத்தையும் எடுத்து, அந்தச் சரக்குக்கு அவரே சிபாரிசு செய்வது போல நண்பர்களுக்குக் காட்டியது ஃபேஸ்புக். 2011ல் அமெரிக்காவில் வழக்கு. 2013ல் 2 கோடி டாலருக்கு சமரசம். உரிமை கோரி விண்ணப்பித்தவர்களுக்குத் தலைக்கு 15 டாலர். முகத்துக்கு விலை குறைவுதான். ஆனாலும் விலை உண்டு என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. அடுத்த வருடம் அந்த விளம்பர முறையே கைவிடப்பட்டது.

வேலியை உயர்த்திக்கொண்டே போவதும் ஆபத்து. கிரிக்கெட் வீரர்களின் பெயர், ஓவியம், ஆட்டக் கணக்குகளை வைத்து ஒரு கம்பெனி டிஜிட்டல் அட்டை விற்றபோது, ஊரறிந்த தகவலுக்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்று 2023 ஏப்ரலில் அதே தில்லி உயர் நீதிமன்றம் கைவிரித்தது. 2024 மே மாதம் ஜாக்கி ஷெராஃப் தன் 'பிடு'வுக்கு வேலி கேட்டு வந்தார். தேநீர்க் கோப்பை, சுவரொட்டி விற்றவர்களுக்குத் தடை போட்ட நீதிபதி, அவர் பேட்டிகளை வெட்டி வேடிக்கை வீடியோ செய்த ஒரு இளைஞருக்கு உடனடித் தடை விதிக்க மறுத்தார். இப்படிப்பட்ட படைப்புகளை நம்பிப் பிழைக்கும் இளைஞர்கள் ஏராளம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். கேலி செய்பவனையும் கடை விரிப்பவனையும் பிரித்துப் பார்த்த அந்தக் கண், நல்ல கண்.

கேலிக்கு யாரும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. விற்பனைக்குக் கேட்கலாம். சில கம்பெனிகள் கேட்கவும் செய்கின்றன: "உங்கள் படம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது, எங்கள் பக்கத்தில் போடலாமா? சம்மதமானால் 'யெஸ்' என்று பதில் எழுதுங்கள்." படத்தைப் போட்ட பெண் பூரித்துப் போய் 'யெஸ்' எழுதுகிறார். எத்தனை மாதத்துக்கு, எந்த ஊர் ஹோர்டிங்கில், படத்தைத் திருத்தலாமா, நாளை வேறு சரக்குக்கும் ஒட்டலாமா, பணம் எவ்வளவு? அந்தச் செய்தியில் இவை எதுவும் இருப்பதில்லை. மாடல் ஒருவரோடு போடும் ஒப்பந்தத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி உண்டு, கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்தும் உண்டு.